ஆய்வுக் கட்டுரை வேண்டும்: ஒரே நாடு ஒரே சந்தாவா, டெல்நெட்டா, திறந்த பிரதியா?

கட்டுரையின் சுருக்கம் திரையில் இருக்கிறது. அதற்குக் கீழே, முழுவதையும் படிக்க 35 டாலர் கட்டச் சொல்லும் பொத்தான். 2025 தொடங்கியதிலிருந்து பொறியியல், அறிவியல் நூலகங்களில் இந்த இடத்தில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அரசுக் கல்லூரி மாணவர், "ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, எனக்கு ஏன் திறக்கவில்லை?" என்கிறார். தனியார் கல்லூரி ஆய்வு மாணவர், "எங்களுக்கு அது இல்லையாமே, வேறு என்ன வழி?" என்கிறார்.

நேர்மையான வழிகள் ஐந்து உண்டு: மத்திய அரசு ஆய்விதழ்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் திறந்த பிரதி, கட்டுரையை எழுதிய ஆசிரியருக்கு மின்னஞ்சல், நூலகங்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் டெல்நெட் வலையமைப்பு, நேரில் நூலகம். உங்கள் ஆய்வுத் தலைப்பு எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் பெயர் எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது, தேடுவது எந்த வகை ஆவணம் என்ற இரண்டும்தான் வழியைத் தீர்மானிக்கின்றன. பலர் இந்த இரண்டையும் பார்க்காமல், நண்பர் சொன்ன தளத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

உரிமை. அந்த வசதி உங்களுக்கு உண்டா? கல்லூரிக்கு உண்டு என்பதும் உங்களுக்கு உண்டு என்பதும் ஒன்றல்ல. பகுதிநேர ஆய்வாளர், திட்ட உதவியாளர், படிப்பை முடித்தவர் எல்லாம் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

ஆவணத்தின் வகை. இதழ்க் கட்டுரை, மாநாட்டுக் கட்டுரை, ஆய்வேடு, பாடநூல், தர ஆவணம் ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு கதவுகள்.

பதிப்பு. ஒரே கட்டுரை மூன்று உருவில் உலவும்: மதிப்பாய்வுக்கு முந்தைய முன்பிரதி, மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதி, இதழில் அச்சான இறுதிப் பதிப்பு. படித்துப் புரிந்துகொள்ள முதல் இரண்டே போதும். ஒரு சமன்பாட்டை எடுத்துக் கணக்குப் போடப் போகிறீர்கள் என்றால் இறுதிப் பதிப்பைப் பார்க்காமல் நகரக் கூடாது.

நேரம். இன்றே வேண்டுமா, அடுத்த வாரம் வந்தால் போதுமா?

மறைசெலவு. பணம் மட்டுமில்லை. கணக்கு காலாவதியாவது, வளாகத்துக்கே தடை விழுவது, தவறான பதிப்பை மேற்கோள் காட்டி மாட்டிக்கொள்வது எல்லாம் இதில் சேரும்.

| வழி | யாருக்கு | எதற்கு நன்று | ஆகும் நேரம் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| ஒரே நாடு ஒரே சந்தா | அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் | இதழ்க் கட்டுரைகள் | உடனே, கணக்கு தயாராக இருந்தால் | கணக்குப் பதிவு, ஐபி சிக்கல், அதிகப் பதிவிறக்கத் தடை |
| திறந்த பிரதி | எல்லோருக்கும் | புதிய கட்டுரைகள், அரசு நிதி பெற்ற ஆய்வுகள் | சில நிமிடங்கள் | பதிப்பு வேறுபாடு |
| ஆசிரியருக்கு மின்னஞ்சல் | எல்லோருக்கும் | ஓரிரு முக்கியக் கட்டுரைகள் | ஒரு நாள் முதல் பதிலே வராதது வரை | காத்திருப்பு |
| டெல்நெட் | உறுப்பினர் கல்லூரிகள் | புத்தகங்கள், பழைய இதழ்கள் | சில நாள் முதல் இரண்டு வாரம் வரை | தூதஞ்சல் செலவு, நூலகர் வழியாக மட்டும் |
| நேரில் நூலகம் | எல்லோருக்கும் | கையேடுகள், பாடநூல்கள் | பயணத்தைப் பொறுத்து | அலைச்சல் |

## ஒரே நாடு ஒரே சந்தா

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், ஐஇஇஇ, அமெரிக்க வேதியியல் கழகம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் உள்ளே. முன்பு ஐஐடி நூலகத்தில் மட்டும் திறந்த இதழ்கள் இன்று மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரியிலும் திறக்கின்றன. பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் இது இதழ்களுக்கான சந்தா. பாடநூல் மின்நூல்களையோ, ஸ்கோபஸ் போன்ற மேற்கோள் தரவுத்தளங்களையோ, பொருள்களுக்கும் சோதனைகளுக்கும் தரம் வகுக்கும் ஏஎஸ்டிஎம், ஐஎஸ்ஓ அமைப்புகளின் தர ஆவணங்களையோ இதை நம்பித் தேட வேண்டாம். சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரியில் இருப்பவர்கள், தளத்தில் உள்ள நிறுவனப் பட்டியலில் தங்கள் கல்லூரியின் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

உரிமை இருந்தும் திறக்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று.

வளாகத்துக்குள் இருக்கும்போது பதிப்பகம் உங்களை ஐபி முகவரியை (உங்கள் இணைய இணைப்பின் எண்ணை) வைத்து அடையாளம் காண்கிறது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருந்தால் நீங்கள் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் அதன் கண்ணுக்கு வெளியாள்தான். கல்லூரி வைஃபைக்கு மாறுங்கள், விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால், 'என் ஐபி என்ன' என்று தேடுபொறியில் தட்டி, வரும் எண்ணை நூலகரிடம் கொடுங்கள். இணையச் சேவை நிறுவனத்தை மாற்றும்போது கல்லூரியின் பொது ஐபியும் மாறிவிடும். கணினித் துறை அதை நூலகத்துக்குச் சொல்ல மறந்துவிடும். ஒரே நாளில் வளாகம் முழுக்கச் சந்தா நின்றுபோனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டிலிருந்து பார்க்க இன்ஃபெட் கணக்கு (இன்ஃப்ளிப்நெட் நடத்தும் நுழைவுக் கணக்கு) வேண்டும். கல்லூரி மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டும், நூலகத்தின் பொறுப்பு அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். பிறகு பதிப்பகத் தளத்தில் 'நிறுவனம் வழியாக நுழைக' என்ற இணைப்பைத் தொட்டு, இன்ஃபெட்டைத் தேர்ந்து, கல்லூரியின் பெயரைப் பட்டியலில் எடுத்து உள்ளே போக வேண்டும். இங்கே இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, எல்செவியரின் தளமான சயின்ஸ்டைரக்டில் சொந்த ஜிமெயிலால் தொடங்கிய கணக்கில் நுழைந்துவிட்டு, நுழைந்தாயிற்று என்று நினைப்பது. அது தனிநபர் கணக்கு. சந்தா அதோடு வராது. இன்னொன்று, பெயரைத் தேடும் முறை. கல்லூரியின் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படித்தான் பட்டியலில் இருக்கும். ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினால் கிடைத்துவிடும்.

சரியாக நுழைந்ததற்கு அடையாளம், பக்கத்தின் மேற்பகுதியில் உங்கள் நிறுவனத்தின் பெயர் தெரிவது. பெயர் தெரிந்தும் ஒரு கட்டுரை மட்டும் பூட்டியிருக்கிறதா? அதே பதிப்பகத்தின் வேறொரு நல்ல இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் உங்கள் நுழைவில் பிழையில்லை, நீங்கள் தேடும் ஆவணம் தொகுப்புக்கு வெளியே இருக்கிறது. மாநாட்டுத் தொகுப்புகளிலும் நூல் அத்தியாயங்களிலும் இப்படி அடிக்கடி நேரும். அடுத்த வழிக்குப் போய்விடுங்கள். கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அதிகம் பேர் அறியாத சிறு வசதி ஒன்று: வளாக இணைய இணைப்பில் கூகுள் ஸ்காலரைத் திறந்து பயன்படுத்தினால், உங்கள் நிறுவனச் சந்தாவை அது நினைவில் வைத்துக்கொள்ளும். பல பதிப்பகங்களில் அடுத்த சில வாரங்கள் வரை வீட்டிலிருந்தும் ஸ்காலர் இணைப்பு வழியாகவே முழுக் கட்டுரை திறக்கும். மாதம் ஒருமுறை வளாகத்துக்கு வரும் பகுதிநேர ஆய்வாளருக்கு இது பெரிய உதவி.

மறைசெலவில் மோசமானது அதிகப் பதிவிறக்கம். ஓர் இதழின் முழு ஆண்டுத் தொகுதியையும் ஒரே மூச்சில் இறக்குவது, நிரல் எழுதி நூற்றுக்கணக்கான பிடிஎஃப் எடுப்பது போன்றவற்றைப் பதிப்பகத்தின் கணினி தானாகவே கண்டுபிடித்து அந்த ஐபியைத் தடுக்கும். வளாகம் முழுவதும் ஒரே பொது ஐபி வழியாக வெளியே போவதால், ஒருவர் செய்த வேலைக்கு எல்லோருக்கும் கதவு மூடும். நூலகர் கடிதம் எழுதி விளக்கம் கொடுத்துத் தடை நீங்கச் சில நாள் ஆகும். உரைத் தரவு அகழ்வுக்காகவே (கட்டுரைகளைக் கணினியால் அலசுவதற்காக) கட்டுரைகள் மொத்தமாக வேண்டுமென்றால் முன்கூட்டியே நூலகரிடம் சொல்லுங்கள். சில பதிப்பகங்கள் அதற்கென்றே தனி ஏபிஐ (நிரல் வழியாகத் தரவு எடுக்கும் வாசல்) வைத்திருக்கின்றன.

எப்போது இதைத் தேர்வது: பட்டியலில் உள்ள நிறுவனத்தில் இருக்கிறீர்கள், தேடுவது இதழ்க் கட்டுரை. அப்படியானால் வேறு யோசனையே வேண்டாம். இதே திட்டத்தில் கட்டுரை வெளியிடுவோருக்கும் ஒரு பகுதி உண்டு: எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய, தேர்ந்தெடுத்த திறந்த அணுக்க இதழ்களில் வெளியிடும் கட்டணத்துக்காக ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கட்டணம் கேட்கும் இதழுக்கு அனுப்பும் முன் நூலகத்தில் விசாரியுங்கள்.

## திறந்த பிரதி

சுயநிதிக் கல்லூரிக்காரர்களுக்கு இதுதான் முதல் வழி. அவர்கள் நினைப்பதைவிட இதில் அதிகம் கிடைக்கிறது. ஐரோப்பிய நிதியமைப்புகள் பல 2021 முதலும், பிரிட்டனின் ஆய்வு நிதியமைப்பு 2022 ஏப்ரல் முதலும், தாங்கள் பணம் கொடுத்த ஆய்வின் கட்டுரைகள் உடனே திறந்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டன. கணினி அறிவியல்காரர்களுக்குக் கூடுதல் யோகம்: கணினித் துறைச் சங்கமான ஏசிஎம் தன் 1951 முதல் 2000 வரையிலான பழைய தொகுப்பை 2022இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது, 2026 ஜனவரியிலிருந்து முழு எண்ணிம நூலகத்தையும் திறந்த அணுக்கத்துக்கு மாற்றியிருக்கிறது.

தேடும் வரிசை இதுதான்:

1. உலாவியில் அன்பேவால் நீட்சியைச் சேர்த்துவிடுங்கள். கட்டுரையின் பக்கம் திறந்ததும் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரிந்தால் சட்டப்படியான இலவசப் பிரதி ஒன்று எங்கோ இருக்கிறது. தொட்டால் அங்கே கொண்டுபோகும்.
2. பச்சை வராவிட்டால் தலைப்பை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு கூகுள் ஸ்காலரில் தேடி, முடிவுக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இருக்கும் பிரதி பெரும்பாலும் மூன்றாவது நான்காவது வரியில் ஒளிந்திருக்கும்.
3. இயற்பியல், கணிதம், கணினி, மின்னணுவியல் என்றால் முன்பிரதிகளின் களஞ்சியமான ஆர்க்சைவ். 1991 முதல் இருக்கிறது.
4. விண்வெளி, வெப்பவியல், பாய்மவியல் என்றால் நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைத் தளம். ஆற்றல், அணுவியல், பொருளறிவியல் என்றால் அமெரிக்க ஆற்றல் துறையின் ஆஸ்டி தளம். இதழில் எட்டுப் பக்கமாகச் சுருங்கிய ஆய்வு இங்கே முழு அறிக்கையாக, சோதனைக் கருவியின் வரைபடத்தோடு கிடைப்பதுண்டு. சோதனையைத் திரும்பச் செய்யப் போகிறவருக்குக் கட்டுரையைவிட அறிக்கையே மேல்.
5. இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி கோப்பாக இருக்கும். இரண்டாம் அத்தியாயத்தின் இலக்கிய மீளாய்வு உங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும், அதை வெட்டி ஒட்டாத வரை.

தேசிய எண்ணிம நூலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஐடி காரக்பூர் நடத்தும் இந்தத் தளம் பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேடித் தருகிறது. தேடலில் வந்தது எல்லாம் அங்கே இருக்கிறது என்று பொருளில்லை. பல இணைப்புகள் மூலத் தளத்துக்குத்தான் போகும், அங்கே சந்தா கேட்டால் கேட்டதுதான்.

இந்த வழியின் மறைசெலவு பதிப்பு. ஆர்க்சைவில் ஒரே கட்டுரை முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று அடுக்கி இருக்கும். முதல் பதிப்பில் இருந்த குறியீட்டுப் பிழை மூன்றாவதில் திருத்தப்பட்டிருக்கலாம். ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியில் இதழின் பக்க எண் இருக்காது. பிடிஎஃப்பின் 14ஆம் பக்கத்தைக் கட்டுரையின் பக்க எண்ணாகக் குறித்தால் மதிப்பாய்வாளர் பிடித்துவிடுவார். நூல்விவரத்தை டிஓஐ எண்ணை (கட்டுரைக்கென உள்ள நிலையான அடையாள எண்ணை) வைத்து இதழின் பக்கத்திலிருந்து எடுங்கள், வாசிப்பை மட்டும் இலவசப் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஆசிரியருக்கு மின்னஞ்சல்

கூச்சம்தான் தடை. கேட்டால் கொடுப்பவர்கள் நிறையப் பேர். எல்செவியர் இதழில் எழுதியவருக்கு, கட்டுரையை 50 நாள் எவரும் இலவசமாகப் படிக்கும்படியான பகிர்வு இணைப்பைப் பதிப்பகமே தருகிறது. கட்டுரையில் உறை அடையாளம் போட்டிருக்கும் தொடர்பு ஆசிரியருக்கு எழுதுங்கள். பழைய கட்டுரை என்றால் அந்த முகவரி செத்திருக்கும். ஆசிரியரின் இன்றைய துறைப் பக்கத்தைத் தேடுங்கள். முதலாசிரியர் அப்போது மாணவராக இருந்திருப்பார், எனவே கடைசிப் பெயராக வரும் பேராசிரியருக்கு எழுதுவது பலன் தரும்.

நான்கு வரி போதும்: நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள்; எந்தக் கட்டுரை, முழுத் தலைப்போடு; எதற்கு வேண்டும்; நன்றி. பத்துக் கட்டுரையை ஒரே அஞ்சலில் கேட்டால் பதில் வராது. ஒரு கட்டுரையை மட்டும் கேட்டு, அதிலிருக்கும் ஒரு படத்தையோ அட்டவணையையோ குறிப்பிட்டு எழுதினால், சில சமயம் கட்டுரையோடு மூலத் தரவும் வரும். அது எந்தச் சந்தாவிலும் கிடைக்காது.

## டெல்நெட்

1988இல் தில்லி நூலகங்களை இணைக்கத் தொடங்கியது, இன்று நாடு முழுவதும் உறுப்பினர் நூலகங்களோடு இருக்கிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பலவும் அங்கீகாரக் குழு வரும்போது காட்டுவதற்காகவாவது இதில் சேர்ந்திருக்கின்றன. சேர்ந்திருப்பதே மாணவர்களுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. உங்கள் நூலகரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "டெல்நெட் உறுப்பினரா? ஒரு கட்டுரைக்குக் கோரிக்கை போட முடியுமா?"

தனிநபர் கோரிக்கை செல்லாது, நூலகம் வழியாகத்தான். கூட்டுப் பட்டியலில் புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பார்த்து, நூலகர் கோருவார். கட்டுரை என்றால் பிரதி மின்னஞ்சலில் வரும், புத்தகம் என்றால் தூதஞ்சலில். போகவர அஞ்சல் செலவு, தொலைந்தால் பொறுப்பு இரண்டும் உங்கள் கல்லூரிக்கு. அதனால் சில நூலகங்கள் புத்தகக் கோரிக்கைக்குத் தயங்கும். கோரிக்கையில் ஆசிரியர், தலைப்பு, தொகுதி எண், பக்கம், ஆண்டு ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கோரிக்கை திரும்பி வந்து ஒரு வாரம் போய்விடும்.

அச்சில் இல்லாத பழைய பொறியியல் நூல், இணையத்துக்கு வராத இந்திய இதழின் பழைய தொகுதி இரண்டுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. புதிய எல்செவியர் கட்டுரைக்கு இது சுற்றுவழி. கலை அறிவியல் கல்லூரி நண்பர் சொன்னார் என்று என்-லிஸ்ட் என்ற மின்னிதழ்த் திட்டத்தைக் கேட்டு அலைய வேண்டாம். அது அந்தக் கல்லூரிகளுக்காக ஏற்பட்டது, பொறியியல் கல்லூரிகளுக்கு அல்ல.

## நேரில் நூலகம்

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டுக்கும் எவரும் போகலாம். கட்டுரைகளுக்காக அல்ல, விலை எட்டாத கையேடுகளுக்காகவும் பாடநூல்களுக்காகவும் போக வேண்டிய இடங்கள் இவை. புறப்படும் முன் இணையப் பட்டியலில் நூல் இருக்கிறதா என்று பார்த்து, அலமாரியில் நூலின் இடத்தைச் சொல்லும் அழைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டால் அரை நாள் மிச்சம்.

## நிழல் தளங்கள்

கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சைஹப் என்ற தளத்தின் பெயர் இந்நேரம் உங்கள் மனதில் ஓடியிருக்கும். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்ட்டில் தில்லி உயர் நீதிமன்றம் அதை இந்தியாவில் முடக்க உத்தரவிட்டது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், வழக்குத் தொடங்கியதிலிருந்து அங்கே புதிய கட்டுரைகள் சேர்வது பெரிதும் நின்றுவிட்டது. கடந்த மூன்று ஆண்டு இலக்கியத்தைத் தேடும் ஆய்வாளருக்கு அங்கே என்ன இருக்கும்?

## தர ஆவணங்கள்: தனிக் கதவு

கட்டுமானவியல் மாணவர்கள் ஐஎஸ் குறியீடுகளையும் இதழ்ச் சந்தாவில் தேடுகிறார்கள். அங்கே இருக்காது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தளத்தில் பதிவு செய்தால் இந்தியத் தரங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓவை அப்படியே ஏற்று வெளியிட்டவை பெரும்பாலும் இந்த இலவசத்தில் வராது.

நகலெடுக்கும் கடையில் விற்கும் குறியீட்டுப் புத்தகத்தை நம்புவதால் வரும் வினை பெரிது. கான்கிரீட் கலவை வடிவமைப்புக்கான ஐஎஸ் 10262 முதலில் 1982, பிறகு 2009, இப்போது 2019 பதிப்பு. முறையே மாறியிருக்கிறது. பழைய நகலை வைத்துக் கலவை போட்ட திட்ட அறிக்கை வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் மேலும் திருத்தங்கள் வந்திருக்கின்றன. இறக்கும்போது திருத்தத் தாள்களையும் சேர்த்து எடுங்கள்.

## யாருக்கு எந்த வரிசை

அரசுக் கல்லூரி அல்லது பல்கலைக்கழக வளாக மாணவர்: ஒரே நாடு ஒரே சந்தா, பிறகு திறந்த பிரதி, பிறகு மின்னஞ்சல். இன்ஃபெட் கணக்கைத் தேவை வரும்போது தொடங்கலாம் என்று விடாதீர்கள். ஒப்புதலுக்கு நாள் பிடிக்கும், விடுமுறையில் பொறுப்பு அலுவலர் இருக்க மாட்டார்.

சுயநிதிக் கல்லூரியில் இளநிலை மாணவர்: திறந்த பிரதியே இறுதியாண்டுத் திட்டத்துக்குப் போதும். பாடநூலுக்குக் கல்லூரி நூலகம், அதில் இல்லாததற்கு டெல்நெட்.

பதிவு பல்கலைக்கழகத்தில், வேலை தனியார் கல்லூரி ஆய்வு மையத்தில்: குழப்பம் அதிகம் இங்கேதான். பல்கலைக்கழகத்தில் பதிவு இருப்பதால் சந்தாக் கணக்கு தானாக வந்துவிடாது. பயனராக யாரைச் சேர்ப்பது என்பது அந்த நூலகம் வைத்திருக்கும் பட்டியலைப் பொறுத்தது. பதிவு ஆணை, அடையாள அட்டை, வழிகாட்டியின் கடிதம் மூன்றோடும் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒருமுறை நேரில் போய், எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் திறந்த பிரதி, மின்னஞ்சல், டெல்நெட் என்ற வரிசை. நண்பரின் கடவுச்சொல்லை வாங்கிப் பயன்படுத்துவது மட்டும் வேண்டாம்; இரு நகரங்களிலிருந்து ஒரே கணக்கு ஓடினால் முடங்கப் போவது அவருடைய கணக்கு.

ஆய்வை முடிக்கப் போகிறவர்: கல்லூரி மின்னஞ்சல் மூடினால் இன்ஃபெட்டும் சேர்ந்து போகும். முன்பே ஸொட்டேரோ போன்ற மேற்கோள் மேலாண்மைக் கருவியில், நீங்கள் உண்மையில் மேற்கோள் காட்டிய கட்டுரைகளைக் கணினியிலேயே சேமித்துவிடுங்கள். இணையச் சேமிப்பில் இலவசம் 300 எம்பி மட்டும். கணினிக்குள் வைத்துக்கொள்ள அந்த வரம்பு இல்லை. ஸொட்டேரோ, ஆர்கிட் (ஆய்வாளர் அடையாள எண் தரும் தளம்), இதழ்களின் சமர்ப்பிப்புத் தளங்கள் மூன்றிலும் மின்னஞ்சலைச் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். மதிப்பாய்வில் இருக்கும் உங்கள் கட்டுரையின் திருத்தக் கடிதம் மூடிய முகவரிக்குப் போய், கெடு தாண்டிய பிறகு தெரியவந்தால் யாரும் உதவ முடியாது.